மோசமான காலநிலை ஆண்டில் மலைநாட்டு வீட்டுத்தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியாவுக்கும் இராகலைக்கும் இடையில், கந்தப்பளைப் பக்கம், 35 பேர்ச்சஸ் சரிவு நிலத்தில் மரக்கறி போட்டு, ஒரு பசுவும் பத்துப் பன்னிரண்டு கோழிகளும் வைத்து எங்கள் குடும்பம் வாழ்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து போன பிறகு, உறவுக்காரர்களும் அயலவர்களும் கேட்ட கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி, ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. எங்கள் கையாலே செய்து பார்த்ததையும், பிழைத்ததையும், பிழைக்காமல் போனதையும் வைத்து எழுதுகிறேன்.

மலைநாட்டில் எந்த மாதம் எதற்குப் பயப்பட வேண்டும்?

நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், நோர்வூட், வட்டவளைப் பக்கத்தவர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பசறை, லுணுகலைப் பக்கத்தவர்களுக்கு டிசம்பரில் தொடங்கி பெப்ரவரி வரை வடகீழ் மழை. ஹட்டனில் மழை ஊற்றும் அதே ஜூலை, ஆகஸ்டில் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் காய்ந்த காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுப்பது அந்தக் காற்றுதான். போஞ்சிக் கொடியை இரண்டே நாளில் சருகாக்குவதும் அதுதான். எங்கள் உயரத்தில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் வானம் தெளிந்தால் உறைபனி.

என்னைக் கேட்டால் ஒக்டோபரும் நவம்பரும்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய மாதங்கள். இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தில் பின்னேர இடிமழையும் வரும், வங்காள விரிகுடாவில் தாழமுக்கமும் வரும். கொஸ்லாந்தை மீரியபெத்தை லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மண் மூடியது 2014 ஒக்டோபர் 29இல். டித்வா கரையேறியது 2025 நவம்பர் 28இல். நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பெரும்பகுதியினர் மலைச்சரிவுகளில் வாழ்ந்தவர்கள். செப்டெம்பர் முடிவதற்குள் தோட்டத்து வேலைகளை ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

ஒரேயொரு வேலைக்குத்தான் நேரமும் ஆளும் உண்டு. எதைச் செய்வது?

கான், அதாவது மழைத் தண்ணீர் வடியும் வாய்க்கால், வெட்டுங்கள். ஏற்கனவே வெட்டிய கான் இருந்தால் துப்புரவாக்குங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர் தண்ணீர். 100 சதுர மீற்றர் மரக்கறிப் பாத்தியில் ஒரே நாளில் 150 மில்லிமீற்றர் பெய்தால் 15,000 லீற்றர். ஊறியது போக மிச்சமெல்லாம் சரிவில் ஓடும். அது நேராகக் கீழே ஓடினால் மண்ணையும் வாரிக்கொண்டு போகும். குறுக்கே மெதுவாக நடத்திக்கொண்டு போனால் மண் தங்கும். தேயிலை மலைகளில் பழைய ஆட்கள் பக்கக் கான்களை ஏறத்தாழ 120 அடிக்கு 1 அடி இறக்கம் வைத்து வெட்டி, இடையிடையே குழியும் தடுப்பும் விட்டது இதற்காகத்தான். அந்த வேலையைச் செய்த தாத்தாமார் இன்னும் சிலர் லயங்களில் இருக்கிறார்கள். போய்க் கேளுங்கள்.

மட்டம் பார்க்கக் கருவி வாங்கத் தேவையில்லை. மூன்று கம்புகளை 'ஏ' எழுத்தின் வடிவில் கட்டி, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது நூல் குறுக்குக் கம்பின் எந்த இடத்தைத் தொடுகிறதோ அங்கே கத்தியால் ஒரு கோடு கீறுங்கள். பிறகு சரிவின் குறுக்கே கால் மாற்றி மாற்றி நடத்திக்கொண்டு போய், நூல் கோட்டைத் தொடும் இடங்களில் எல்லாம் முளை அடியுங்கள். அந்த முளைகளின் வரிசைதான் மட்டக்கோடு. பாத்திகள் அந்தக் கோட்டோடு போகட்டும். கான் மட்டும் போக்கிடத்தை நோக்கி மிகக் கொஞ்சம் இறங்கட்டும். கானின் மேல்பக்கக் கரையில் வெட்டிவேரையோ மானாப் புல்லையோ நெருக்கமாக நட்டால், இரண்டு மழைக்காலத்தில் அது தானே மண்ணைப் பிடித்துப் படியாக்கிவிடும்.

கானில் பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு குழி வையுங்கள். நவம்பர் மழை ஓய்ந்த மூன்றாம் நாள் எங்கள் கடைசிக் குழியை நான் வெட்டிப் பார்த்தேன். மேலே விரற்கடை அளவுக்குச் செம்மண் சேறு, அதன் கீழே கறுத்த மண். அந்தக் கறுப்பு மண்ணுக்குள் நான் பத்து நாளைக்கு முன் போட்ட கரட் விதை முளைவிட்டு, வெள்ளை நூல்போலச் சுருண்டு கிடந்தது. மாட்டெரு உருண்டைகூடக் கரையாமல் இருந்தது. அப்பா இருபது வருடம் சாணம் போட்டு உண்டாக்கிய மண் அது. நானும் மகளும் பழைய உரப்பைகளில் அள்ளி, தலையில் வைத்து, மேல் பாத்திக்கே கொண்டுபோய்க் கொட்டினோம். இரண்டு நாள் ஆனது. குழி இல்லாத பக்கத்து மண் எங்கே போனது என்பதற்கு, கீழே ஓடிய ஆற்றின் நிறமே பதில் சொன்னது.

பயிரைக் காப்பாற்றுவதா, மண்ணைக் காப்பாற்றுவதா? இரண்டும் முடியாதபோது?

மண்ணை. இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. பயிர் போனால் போனது ஒரு போகம். மேல்மண் போனால் உங்கள் காலத்தில் அது திரும்பாது. பெருமழை வருகிறது என்று தெரிந்தால் அரைவிளைச்சல் கரட்டைப் பிடுங்க ஓடாதீர்கள். பிடுங்கிய பாத்தி உழுத வயல்போல இளகிக் கிடக்கும், மழை முதலில் அதைத்தான் கொண்டுபோகும். பயிர் நின்றால் வேராவது மண்ணைப் பிடித்திருக்கும். வெறுமையாகக் கிடக்கும் பாத்திகளுக்கு மானாப் புல்லோ காய்ந்த இலையோ கனமாகப் போட்டு, காற்று அள்ளாமல் குறுக்கே கம்பு வையுங்கள். மழைக்காலத்தில் களை பிடுங்குவதையும் நிறுத்துங்கள். வெட்டி விட்டால் போதும், வேர் மண்ணிலேயே இருக்கட்டும்.

வீட்டை விட்டு எப்போது வெளியேற வேண்டும்?

தோட்டத்தைப் பற்றிய கேள்விகளுக்கு முன்பே இதைப் போட்டிருக்க வேண்டும்.

அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு டின்னை மரமும் தாழ்வாரமும் இல்லாத வெட்டவெளியில் வையுங்கள். பிள்ளைகளின் அடிமட்டத்தால் நீரின் ஆழத்தை அளந்தால் அதுவே மழையின் அளவு. எங்கள் பால்மா டின் 13 சென்டிமீற்றர்தான் உயரம். ஆகவே நிரம்பும் முன் அளந்து கொப்பியில் எழுதிவிட்டு ஊற்றிவிடுவோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கும் அளவுகள் இவை: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். கைபேசிக் கோபுரம் விழுந்து, மின்சாரம் போய், வானொலியும் கேட்காத இரவில் அந்த டின் மட்டும்தான் எங்களுக்கு உண்மை சொன்னது.

டின் என்ன சொன்னாலும், இவற்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள்: நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, நேற்றுவரை சாத்திய கதவு இன்று சட்டத்தில் இறுகுவது, சவுக்கு மரமோ மின்கம்பமோ சாய்வது, பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து வரும் தண்ணீர்) திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது. மாட்டை அவிழ்த்துவிடுங்கள், கோழிக் கூட்டைத் திறந்துவிடுங்கள், நடங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

தொடர் மழையில் உருளைக்கிழங்கு கருகிப் போகிறது. காப்பாற்ற முடியுமா?

விடியற்காலையில் போய், கருகத் தொடங்கிய ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். கருப்புத் திட்டின் ஓரத்தில், பச்சையும் கருப்பும் சந்திக்கும் இடத்தில், வெள்ளைப் பூஞ்சை மா தூவியதுபோல இருக்கும். வெயில் ஏறினால் மறைந்துவிடும். அதுதான் பின்வெளிறல், சிங்கள அயலவர்கள் அங்கமாரய என்பார்கள். குளிரும் மூடுபனியும் சேர்ந்து இலை நாள் முழுக்க ஈரமாக இருந்தால், ஒரு கிழமையில் முழுப் பாத்தியும் வெந்ததுபோலாகிவிடும்.

மன்கோசெப் போன்ற மருந்துகள் நோய் வருவதற்கு முன் இலையைக் காப்பவை. திட்டு விழுந்த இலையை அவை குணமாக்காது. பாத்தி பாதிக்கு மேல் கருகிய பிறகு மருந்து அடிப்பது காசைக் கானில் ஊற்றுவதுதான். அந்த நிலையில் செடியை அடியோடு அறுத்து, அப்புறப்படுத்தி, ஆழமாகப் புதையுங்கள். பிறகு இரண்டு கிழமை கிழங்கை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுங்கள். தோல் முற்றும், மண்ணின் மேல் விழுந்த நோய்வித்துகளும் பெரும்பாலும் செத்துவிடும். அவசரப்பட்டு ஈரத்தில் கிண்டிப் பையில் கட்டினால் ஒரு நோய்க் கிழங்கு மூட்டையையே அழுகவைக்கும். எனக்கு ஒரு தடவை அப்படி ஆனது. மூட்டையின் நாற்றத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

வெள்ளம் கொண்டுவந்து போட்ட மண் நல்ல வளமாகத் தெரிகிறதே, பாத்திக்குப் போடலாமா?

உங்கள் சொந்தக் குழி மண்ணைப் போடுங்கள். தெருவிலும் ஓடைக்கரையிலும் கிடக்கும் ஊரார் மண்ணைப் போடாதீர்கள். கோவா, நோக்கோல் வேர்களை முண்டுமுண்டாக வீங்கவைக்கும் வேர்முடிச்சு நோயும், கிழங்கு வாடல் நோயும் மண்ணோடுதான் பயணம் செய்கின்றன. வேர்முடிச்சு ஒருமுறை வந்தால் பல வருடம் தங்கும். ஏற்கனவே அடித்து வந்துவிட்டதென்றால் அந்தப் பாத்தியில் பல வருடம் கோவா இனத்தைத் தவிர்த்து, டொலமைட் போட்டுப் புளிப்பைக் குறைத்து, லீக்ஸ் அல்லது போஞ்சி வையுங்கள். மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குக் கொண்டு போகாதீர்கள்.

உறைபனி இரவில் என்ன செய்வது?

பகல் நல்ல வெயில், பின்னேரம் காற்று ஓய்ந்து வானத்தில் ஒரு மேகமும் இல்லை என்றால் அன்றிரவு பனி கொட்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்க் காற்று தண்ணீரைப்போலப் பள்ளத்துக்கு வழிந்து இறங்கும். ஆகவே தோட்டத்தின் அடிவாரத்தில் அடர்ந்த வேலி இருந்தால் அதில் ஒரு வாசல் விடுங்கள், குளிர் வெளியே போகட்டும். நாற்றுகளையும் கிழங்குச் செடிகளையும் பொழுது சாயும்போதே சாக்கால் அல்லது காய்ந்த மானாவால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். மூட மறந்தால், வெயில் படும் முன் பூவாளியால் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரையுங்கள். பழுப்பாகிய இலைகளை உடனே கிள்ளாதீர்கள். உள்ளே தளிர் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு கிழமை பொறுத்துப் பாருங்கள்.

பீலி வற்றும் வறட்சியில்?

மழை இருக்கும்போதே கூரையைப் பயன்படுத்த வேண்டும். 50 சதுர மீற்றர் தகரக் கூரையில் 20 மில்லிமீற்றர் பெய்தாலே 1,000 லீற்றர் தாங்கி ஏறத்தாழ நிரம்பும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிடியுங்கள்; தாங்கியை நுளம்பு புகாமல் மூடுங்கள்.

தண்ணீர் குறைந்துவிட்டால் எல்லாப் பாத்திக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெளிப்பதை நிறுத்துங்கள். மூன்றில் ஒரு பங்கைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மாலையில் வேர் நனைய ஊற்றுங்கள். மற்றதற்கு மூடாக்கு மட்டும். இதைச் செய்ய மனம் வராது. பச்சையாக நிற்கும் செடியை வாடவிடுவது பிள்ளையைப் பட்டினி போடுவதுபோல இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் பிடித்துவைக்கப் பார்த்து எல்லாவற்றையும் இழந்த வருடமும் எங்களுக்கு உண்டு.

பசுவுக்குத் தீனி?

கறக்கும் பசு நாளொன்றுக்கு 40 லீற்றருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். வறட்சியில் பால் குறைவதற்குப் புல்லைவிடத் தண்ணீர்க் குறைவே முதற்காரணம் என்பது என் அனுபவம்.

மழைக்காலத்தில் புல் மிஞ்சும்போது நீலப் பிளாஸ்டிக் பீப்பாயில் சேமித்துவையுங்கள். அரை நாள் வாடவைத்து, ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு அடுக்கையும் காலால் மிதித்துக் காற்றை வெளியேற்றி, பொலித்தீனால் இறுக மூடிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் புளித்த மாவின் மணம் வர வேண்டும். பூஞ்சையோ அழுகல் நாற்றமோ இருந்தால் அந்தப் பகுதியைக் கொடுக்காதீர்கள். வலப்பனை, வெலிமடைப் பக்கம் வயல் உள்ள உறவினர் இருந்தால் அறுவடையின்போதே வைக்கோல் சொல்லி வையுங்கள். தொடர்மழையில் ஈரப்புல்லோடு அதைக் கலந்து போட்டால் வயிற்றோட்டம் குறையும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பாதை உடைந்து லொறி வராமல் மரக்கறி தேங்கும்போது, வீணாகிறதே என்று எல்லாவற்றையும் மாட்டுக்குப் போடுகிறோம். லீக்ஸைப் போடாதீர்கள். அது வெங்காயக் குடும்பம். அதிகம் தின்றால் மாட்டின் இரத்தம் கெட்டு, சிறுநீர் செந்நிறமாகும். பச்சை நிறம் ஏறிய கிழங்கும், முளைவிட்ட கிழங்கும் நஞ்சு. கோவாவை அன்றாடத் தீனியோடு கொஞ்சமாகத்தான் கொடுக்கலாம். ஒரேயடியாகக் கொட்டினால் வயிறு ஊதும்.

தொழுவத்தின் தரை ஈரமாகவே இருந்தால் குளம்பு அழுகும், மடிநோய் வரும். அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள்.

கோழிகள்?

மழைக்காற்று நேரே அடிக்காத உலர்ந்த கூடு, ஈரமில்லாத தீனி, நேரத்துக்குத் தடுப்பூசி. மழையில் முட்டை குறைவது இயல்பு. பயப்பட வேண்டாம்.

தேயிலைச் செடி கொஞ்சம் வைத்திருக்கிறோம். அதற்கு?

வறட்சியில் கவ்வாத்து வெட்டாதீர்கள். வேரில் மாச்சத்துச் சேமிப்பு இல்லாத செடி திரும்பத் துளிர்க்காமல் காய்ந்துவிடும். ஈரமும் மூடுபனியும் நீளும் மாதங்களில் கொப்புள நோய் இளந்தளிரைத்தான் பிடிக்கும். கொழுந்து எடுக்கும் இடைவெளியைக் குறைத்து, நிழல் மரக் கிளைகளை முன்கூட்டியே வெட்டி வெளிச்சம் விடுங்கள். வெட்டிய கிளைகளும், கவ்வாத்தில் விழும் தேயிலைக் குச்சியான மிலாறும் விறகாகும்.

எந்த விதையைச் சொந்தமாக எடுத்து வைக்கலாம்?

போஞ்சி, அவரை, பூசணி, முள்ளங்கி, கீரை வகைகள். கரட், கோவா, பீட்ரூட் விதைகளைக் கடையில்தான் வாங்க வேண்டும். எங்கள் ஊரில் விதைக்கு எதிரி மூடுபனி. ஆகவே வெயிலில் காய்ந்த பிறகும் அடுப்புக்கு மேல் பரணில் ஒரு கிழமை வைத்து, பல்லால் கடித்தால் பள்ளம் விழாத அளவுக்கு உலர்ந்ததும், உலர்ந்த சாம்பலோடு கண்ணாடிப் போத்தலில் போட்டு இறுக மூடுங்கள். ஒரே போத்தலில் முழுவதையும் வைக்காதீர்கள். பாதியை மலைக்கு அந்தப் பக்கம் வாழும் அக்காவிடமோ மாமியிடமோ கொடுத்து வையுங்கள். எங்கள் போத்தல் ஒன்று நவம்பரில் சேற்றோடு போனது. இப்போது பந்தலில் ஏறியிருக்கும் போஞ்சி, பசறையிலிருந்து சித்தி திருப்பி அனுப்பிய விதை.

மழை ஓய்ந்ததும் முதலில் முள்ளங்கியும் சலாதும் போடுங்கள். 40, 45 நாளில் கைக்கு ஏதாவது வரும். அதன் பிறகு போஞ்சி. லீக்ஸ் போன்ற நெடும்பயிரை மூன்றாவதாக எண்ணுங்கள்.

வீட்டுக்குள் என்ன சேமித்துவைப்பது?

பாதை இரண்டு கிழமை அடைபட்டால் என்ன வேண்டும் என்று கணக்கிடுங்கள். அரிசி, ரொட்டிக்குக் கோதுமை மா, பருப்பு, உப்பு, சீனி, தேயிலைத்தூள், தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் மருந்து. உலர்ந்த மிலாறு ஒரு கட்டு எப்போதும் கூரைக்குள் இருக்கட்டும். காஸ் சிலிண்டரை நம்பியிருந்த வீடுகளில்தான் நவம்பரில் முதலில் அடுப்பு அணைந்தது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் கட்டிக் கதவருகே தொங்கவிடுங்கள்.

விளைச்சல் போன வருடம் நுண்கடன் எடுத்து மறுபடி போடலாமா?

கிழமைக்குக் கிழமை தவணை கட்டச் சொல்லும் கடனை, நூறு நாள் கழித்துக் காசு தரும் பயிருக்கு எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். கரட் முளைத்து இரண்டு இலை விடுவதற்குள் மூன்று தவணை கட்டவேண்டி வந்தது, அதற்காகக் கிடாரிக் கன்றை விற்றேன். அந்தக் கன்று இன்று கறவைப் பசுவாக நின்றிருக்கும். கடன் தவிர்க்க முடியாதென்றால் போகத்தின் முடிவில் கட்டும் வங்கிக் கடனைக் கேளுங்கள்; இல்லையென்றால் பாதி நிலத்தில் மட்டும் போடுங்கள்.

இழப்பீடு கிடைக்குமா?

சேதத்தைத் துப்புரவாக்கும் முன் திகதி தெரியும்படி படம் எடுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் கமநல சேவை நிலையத்திலும் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். அரசாங்கப் பயிர்க் காப்புறுதியில் உருளைக்கிழங்கு உண்டு; மற்றப் பயிர்களுக்கு என்ன வழி என்று உங்கள் நிலையத்தில் போகம் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பயிர் பற்றிய ஆலோசனைக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் தமிழில் பேசலாம்.

எங்களுக்கு உறுதிப் பத்திரமே இல்லை. லயத்துப் பக்கத்துத் துண்டில் இத்தனையும் செய்து என்ன பயன்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்தான் அதிகம். இருநூறு வருடமாக இந்த மலையைப் பண்படுத்தியவர்களின் பேரப்பிள்ளைகள், சேதப் படிவத்தில் 'காணி உரிமையாளர்' என்ற இடத்தை வெறுமையாக விடுகிறார்கள். என் மைத்துனர் அப்படி விட்ட படிவம் ஓர் அலுவலகத்தில் இருந்து திரும்பி வந்தது. அது அநியாயம். தனி ஆளாகப் போகாமல், ஒரே லயத்தைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து, பயிர்செய்கையை உறுதிப்படுத்தும் கடிதத்தைத் தோட்ட நிர்வாகத்திடமும் கிராம உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள்.

தோட்டத்தைப் பொறுத்தவரை, எடுத்துக்கொண்டு போகக்கூடியதாகச் செய்யுங்கள். உரப்பையில் மண், எரு, இலைமக்கு மூன்றும் சமமாகக் கலந்து நிரப்பி, பக்கவாட்டில் துளையிட்டு, லீக்ஸ், சலாது, கீரை, வெங்காயத் தாள் வைக்கலாம். எங்கள் வீட்டுக்கு மேலே லயத்தில் இருந்த அக்காவுக்கு அப்படிப் பதினான்கு பைகள் இருந்தன. சுவர் வெடித்து, அங்கே இனி இருக்க முடியாதென்று அதிகாரிகள் சொன்ன பிறகு, மழை முற்றாக விட்ட நாட்களில் அனுமதி வாங்கிப் போய், மூன்று நாளாக ஒவ்வொரு பையாகச் சுமந்து தங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கட்டிலையும் அலுமாரியையும் பிறகு எடுத்தார். இப்போது அந்தப் பைகள் தங்கை வீட்டு வாசலில் வரிசையாக இருக்கின்றன. போன கிழமை அவற்றிலிருந்து வெங்காயத் தாள் ஒரு கட்டு எங்களுக்கும் வந்தது.